ஆன்லைன் டிகிரி படிச்சா சம்பளம் ஏறுமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



இந்த ஜனவரியில ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு என் சித்தி பையன்கிட்ட இருந்து போன். "அண்ணா, சீக்கிரம் சொல்லுங்க, கட்டிடலாமா வேண்டாமா? பன்னிரண்டு மணிக்குள்ள சீட் பிளாக் பண்ணா இருபதாயிரம் ஸ்காலர்ஷிப்பாம். நாளைக்கு கிடையாதாம்."

அவனுக்கு 26 வயசு. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பாகங்கள் தொழிற்சாலையில ஆறு வருஷமா வேலை. கைக்கு வர்றது 24,000 ரூபாய். வேலையில கெட்டிக்காரன்தான். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி அவனே மெஷின் காட்டிக் கொடுத்த ஒரு ட்ரெய்னி இன்ஜினியர் இப்போ அவனோட லீவுக்குக் கையெழுத்துப் போடுறார். அதுதான் அவனை உறுத்துது. சம்பளத்தை விட அதுதான் அதிகமா உறுத்துதுன்னு நினைக்கிறேன்.

போனில் பேசின கவுன்சிலர் சொன்ன கணக்கு இது: ஆன்லைன் பிபிஏ, மூணு வருஷம், மொத்த ஃபீஸ் 1,80,000. ஸ்காலர்ஷிப் போக 1,60,000. நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 6,667 வீதம் 24 மாசம். "டிகிரி முடிச்சா ஆபீசர் கிரேடு கன்ஃபார்ம் சார்" என்று வேற சொல்லியிருக்காங்க. அவன் கம்பெனியோட கிரேடு விவரம் அந்த கவுன்சிலருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டேன். பதில் இல்ல.

இன்னைக்கு ராத்திரி கட்டாதே, திங்கட்கிழமை எச்ஆர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வான்னு சொல்லி போனை வெச்சேன். அந்தக் கேள்வி என்ன, அதுக்கு என்ன பதில் வந்தது, அதுல இருந்து கணக்கு எப்படி மாறுச்சு என்பதுதான் இந்தப் பதிவு. ஏன்னா இதே நிலைமையில நிறைய பேர் இருக்கீங்க. நானும் இருந்தேன்.

முதல்ல, எந்தக் கதவு பூட்டியிருக்கு?

ஒரு டிகிரி நமக்கு ரெண்டு விதமா உதவும். ஒண்ணு, அதுல படிக்கிற விஷயம் வேலைக்கு உதவும். இன்னொண்ணு, டிகிரி இல்லாததால மூடியிருக்கிற ஒரு கதவு திறக்கும். விளம்பரங்கள் எல்லாம் முதல் விஷயத்தைப் பேசும். ஆனா வேலையில இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் லாபம் வர்றது ரெண்டாவது விஷயத்துல இருந்துதான். இது என்னோட கருத்து. என் அனுபவமும் அப்படித்தான்.

நான் பிஎஸ்சி முடிச்சிட்டு ஒரு பிபிஓ-வில சேர்ந்தேன். ரெண்டு வருஷம் தொலைதூரக் கல்வியில எம்பிஏ படிச்சேன். முடிச்ச அன்னைக்கு சர்டிஃபிகேட்டை எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட காட்டினேன். "வெரி குட், ட்ரீட் எப்போ?" என்றார். சம்பளம் ஒரு ரூபாய் ஏறல. பதினாலு மாசம் கழிச்சு உள்ளுக்குள்ளேயே ஒரு வேலைக்கு அறிவிப்பு வந்தது, ஃபைனான்ஸ் டீமுக்கு. முதுகலைப் பட்டம் கட்டாயம்னு போட்டிருந்தாங்க. என்னை விட வேலை தெரிஞ்ச ரெண்டு பேர் அந்த ஒரு வரியால விண்ணப்பிக்கவே முடியல. எனக்குக் கிடைச்சது. எம்பிஏ-வில படிச்சதுல பாதி இப்போ மறந்து போச்சு. கதவு மட்டும் திறந்தது.

அதனால முதல் கேள்வி, "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" இல்ல. "எனக்கு எந்தக் கதவு பூட்டியிருக்கு, அதுக்கு எந்தச் சாவி?" என்பதுதான்.

சில பூட்டுகள் எல்லோருக்கும் தெரிஞ்சவை. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், வங்கி பிஓ தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 போன்றவற்றுக்கு ஏதாவது ஒரு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேணும். பட்டம் இல்லாட்டி எவ்வளவு திறமை இருந்தாலும் விண்ணப்பமே போட முடியாது. சில பூட்டுகள் கம்பெனிக்குள்ள இருக்கும்: இந்த கிரேடுக்கு மேல போக டிகிரி வேணும், டீம் லீடருக்கு மேல போக பிஜி வேணும் என்று. இன்னும் சில, வேலை மாறும்போது வரும். விண்ணப்பம் போடுற சாஃப்ட்வேரே "கல்வித் தகுதி" என்ற கட்டத்தைப் பார்த்து உங்களைத் தள்ளி வெச்சிடும். மனுஷன் கண்ணுக்கு உங்க ரெஸ்யூமே போகவே போகாது.

இந்த மாதிரி பூட்டு எதுவுமே இல்லாதவங்களும் இருக்காங்க. ஏற்கனவே பிஇ முடிச்சு அஞ்சு வருஷம் கோடிங் வேலையில இருக்கிற ஒருத்தர், "சும்மா ரெஸ்யூமேக்கு வெயிட்டா இருக்கும்" என்று ரெண்டு லட்சத்துக்கு ஆன்லைன் எம்பிஏ சேர்ந்தா, அது திறக்கிறதுக்குக் கதவே இல்லாத சாவி. அவங்களுக்கு ஒரு நல்ல ப்ராஜெக்டோ வேலை மாற்றமோ அதை விட அதிகம் தரும்.

அந்தப் பட்டம் செல்லுமா?

செல்லும், ஆனா நிபந்தனைகளோட. இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இங்க தப்பு பண்ணா பணம் மட்டும் இல்ல, வருஷங்களும் போயிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2020 செப்டம்பரில் தொலைதூர, ஆன்லைன் படிப்புகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ வாங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் இதையே மறுபடியும் ஒரு அறிவிப்பாகத் தெளிவுபடுத்தியது. அதே 2022-ல ஒரே நேரத்தில் ரெண்டு பட்டப் படிப்புகள் படிக்கவும் அனுமதி வந்தது. அதனால "ஆன்லைன் டிகிரியா? அது செல்லாதே" என்று டீக்கடையில யாராவது சொன்னா நம்ப வேண்டாம்.

ஆனா எல்லாப் படிப்பையும் ஆன்லைன்ல படிக்க முடியாது. இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், ஆர்க்கிடெக்சர், பிஎச்டி இதெல்லாம் இந்த வழியில் கிடையாது. ஆன்லைன் பிடெக்-னு யாராவது விளம்பரம் பண்ணா அந்த இடத்துலயே வெளியே வந்துடுங்க.

இதுல விளையாடினா என்ன ஆகும்னு ஒரு பெரிய வழக்கே இருக்கு. 2000-களின் தொடக்கத்துல சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாம தொலைதூர வழியில் இன்ஜினியரிங் படிப்பு நடத்தின. சேர்ந்தவங்கள்ல நிறைய பேர் டிப்ளமோ முடிச்சு வேலையில இருந்தவங்க, அதாவது என் தம்பி மாதிரி ஆட்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2001-ல இருந்து 2005 வரை சேர்ந்தவங்களோட பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வுல பாஸ் ஆனாத்தான் திரும்பக் கிடைக்கும். அதுக்கு அப்புறம் சேர்ந்தவங்களோட பட்டம் ரத்து. யோசிச்சுப் பாருங்க. பட்டம் வாங்கி, அதைக் காட்டி ப்ரமோஷன் வாங்கி, வீட்டுக் கடனும் வாங்கி, பத்து வருஷத்துக்கு மேல ஆன பிறகு "மறுபடியும் பரீட்சை எழுது" என்று வந்தா எப்படி இருக்கும்?

சரி, எப்படிச் சரிபார்ப்பது? யுஜிசி-யில தொலைதூரக் கல்விக்கென்றே டிஇபி என்று ஒரு பிரிவு இருக்கு. அதன் இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தக் கல்வி ஆண்டில் நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தா போதாது. நீங்க சேரப் போற அதே படிப்பு, ஆன்லைனா தொலைதூரமா என்ற அதே முறை, நீங்க சேரும் அதே பருவம், மூணும் பொருந்தணும். சேர்க்கை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரி-பிப்ரவரி பருவம், ஜூலை-ஆகஸ்ட் பருவம்.

2024-ல இருந்து இன்னொரு விஷயமும் வந்திருக்கு. சேரும் மாணவர் தன்னோட ஏபிசி ஐடி-யை வெச்சு டிஇபி தளத்தில் ஒரு டிஇபி ஐடி உருவாக்கணும். இதை நீங்களே பண்ணுங்க. "நாங்க கிரியேட் பண்ணிடறோம் சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றால் சொல்லாதீங்க. நீங்களே பண்ணும்போதுதான் நீங்க சேரப் போற பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு அங்கேயே கண்ணால பார்ப்பீங்க.

இன்னொண்ணு. உங்ககிட்ட போன்ல பேசுறது பல்கலைக்கழகம் இல்ல, பெரும்பாலும் ஒரு எட்டெக் கம்பெனியோட விற்பனைப் பிரிவு. அவங்களைத் தப்பு சொல்லல, அது அவங்க வேலை. ஆனா பட்டம் தர்றது பல்கலைக்கழகம் மட்டும்தான். ஃப்ரான்சைஸ் முறையில் எட்டெக் கம்பெனிகள் மூலமா பட்டப் படிப்பு நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே யுஜிசி எச்சரிச்சிருக்கு. பணம் யார் கணக்குக்குப் போகுது, ரசீது யார் பேர்ல வருது என்று பாருங்க.

அரசு வேலையைக் குறி வெச்சுப் படிக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. தமிழக அரசு வேலைகளுக்கு பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ படிக்காம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா பட்டம் வாங்கினவங்க இதுல சிக்கியிருக்காங்க. பத்தாவதுக்கு அப்புறம் நேரா டிப்ளமோ போனவங்க, டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை வரி வரியாப் படிச்சிட்டு அப்புறம் சேருங்க.

ரெண்டு லட்சமா, இருபதாயிரமா?

இங்கதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க.

உங்க கதவுக்கு "ஏதாவது ஒரு டிகிரி" போதும் என்றால், எந்த டிகிரி வாங்கணும்? அங்கீகாரம் உள்ளதிலேயே குறைஞ்ச செலவுல முடியறது. அவ்வளவுதான். வங்கித் தேர்வு விண்ணப்பத்துல பட்டம் இருக்கா என்றுதான் கேட்பாங்க, அதுக்கு எவ்வளவு கட்டினீங்க என்று கேட்க மாட்டாங்க. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-ல இருந்து இயங்குது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல தொடங்கினது. சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் தொலைதூரக் கல்வி இருக்கு. தனியார் கேட்கும் ஒரு செமஸ்டர் ஃபீஸில் இக்னோவில் பிகாம் முழுசும் முடிஞ்சிடும். வீடியோ பளபளன்னு இருக்காது, புத்தகம் தாமதமா வரும், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கணும். பொறுமை வேணும். ஆனா பூட்டு திறக்கும்.

உங்களுக்கு வேண்டியது விஷயம் கத்துக்கிறது, வேற துறைக்கே மாறுறது என்றால் கதை வேற. அப்போ படிப்போட தரத்துக்குப் பணம் கொடுக்கலாம். நல்ல உதாரணம் ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பிஎஸ் டேட்டா சயின்ஸ். 2020 ஜூனில் அறிவிச்சாங்க. ஜேஇஇ தேவையில்லை, வயசு வரம்பு இல்லை. நாலு வாரம் பாடம் படிச்சு, அசைன்மென்ட் போட்டு, தகுதித் தேர்வை நேரில் போய் எழுதிப் பாஸ் ஆகணும். உள்ளே வந்த பிறகு ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று நாலு படி. எந்தப் படியிலயும் அதுக்கான சான்றிதழோட நிறுத்திக்கலாம். ஃபீஸும் எடுக்கிற பாடத்துக்கு ஏத்த மாதிரி, பருவத்துக்குப் பருவம் கட்டினா போதும். பொருளாதார நிலையைப் பொறுத்து சலுகையும் இருக்கு. வீடியோ ஆன்லைன்தான், ஆனா தேர்வு மையத்துக்கு நேரில்தான் போகணும். வேலை பார்த்துக்கிட்டே கணக்கும் புள்ளியியலும் படிக்கிறது லேசு இல்ல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் அந்தப் படிகள்தான். உங்களால முடியலைன்னா, அதுவரை கட்டின காசுக்கும் ஏதாவது கையில இருக்கும். மூணு வருஷ ஃபீஸை முதல் நாளே இஎம்ஐ-யாக மாத்திட்ட ஒருத்தருக்கு அந்த வசதி கிடையாது.

நோ காஸ்ட் இஎம்ஐ-யோட காஸ்ட்

தம்பிக்குச் சொன்ன கணக்கை இப்போ பார்ப்போம். 1,60,000-ஐ 24 மாசம் 6,667 வீதம் கட்டணும். வட்டி இல்லையாம். நான் அவனை ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: "மொத்தப் பணத்தையும் ஒரே தடவையா கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" பத்து சதவீதம் குறைப்போம்னு உடனே பதில் வந்தது. அதாவது 1,44,000.

அப்போ அந்தப் படிப்போட உண்மையான விலை 1,44,000. இஎம்ஐ-யில போனா 16,000 அதிகம். 1,44,000 கடனுக்கு மாசம் 6,667 வீதம் 24 மாசம் கட்டினா, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 10.3 சதவீத வட்டி ஆகுது. ரொம்ப மோசமான வட்டி இல்ல, ஒத்துக்கிறேன். பர்சனல் லோன் பல இடங்கள்ல இதை விட அதிகம். ஆனா "நோ காஸ்ட்" இல்ல.

வட்டியை விடப் பெரிய விஷயம் இது. அந்த இஎம்ஐ கடன் உங்க பேர்ல ஒரு நிதி நிறுவனத்துல எழுதப்படுது. ஃபீஸ் அவங்களுக்கு முதல்லயே போய்ச் சேர்ந்திடும். நீங்க மூணாவது மாசம் படிப்பை நிறுத்தினாலும் இஎம்ஐ நிக்காது. கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். அப்புறம் பைக் லோன் கேட்கப் போகும்போதுதான் தெரியும். என் நண்பர் ஒருத்தர் ரெண்டாவது செமஸ்டரோட படிப்பை விட்டார். 16 மாசம் சும்மா இஎம்ஐ கட்டினார். "ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டின மாதிரி ஆகிப்போச்சு" என்றார்.

"கல்விக் கடன் வட்டிக்கு வரி விலக்கு இருக்கே?" என்று கேட்கலாம். 80இ பிரிவு பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். அதுவும் வங்கி அல்லது அரசு அறிவிச்ச நிதி நிறுவனத்தின் கடனா இருக்கணும், வட்டிக்கு மட்டும்தான். புதிய வரி முறையில அது கிடையாது. 2025-26 நிதியாண்டுல புதிய முறையில 12,75,000 வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு வரியே வராது. 24,000 சம்பளக்காரனுக்கு வரி மிச்சம் என்று சொல்லி விற்கிறது, மொட்டைத் தலைக்கு சீப்பு விற்கிற கதை.

இப்போ திரும்ப வரும் கணக்கு. ஃபீஸ் 1,60,000. தேர்வுக் கட்டணம் செமஸ்டருக்கு 2,000 என்று வெச்சா ஆறு செமஸ்டருக்கு 12,000. தம்பிகிட்ட லேப்டாப் இல்ல, அது 35,000. மொத்தம் 2,07,000. டிகிரிக்கு அப்புறம் கிரேடு மாறி, பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு மாசம் 5,200 கூடுதலா வருதுன்னு வைங்க. போட்ட காசு திரும்ப 40 மாசம். படிப்பு மூணு வருஷம். இப்போ 26 வயசுல ஆரம்பிச்சா, 32 தாண்டும்போதுதான் போட்டதை எடுப்பான். அதுக்கு மேல வர்றதெல்லாம் லாபம், அடுத்த 25 வருஷத்துக்கு. ஒவ்வொரு வருஷ உயர்வும் அந்த உயர்ந்த சம்பளத்து மேலதான் கணக்காகும். அந்த விதத்துல பார்த்தா நல்ல முதலீடுதான்.

ஆனா கூடுதல் 2,000 மட்டும் என்றால்? எட்டரை வருஷம் ஆகும். கூடுதல் வரவே இல்லை என்றால்? அதனாலதான் முதல்ல எச்ஆர்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னேன்.

எச்ஆர் சொன்ன பதில்

நான் கேட்கச் சொன்ன கேள்வி: "ஆபீசர் கிரேடுக்கு எந்தப் பட்டம் வேணும்? அது ஆன்லைன்ல படிச்சதா இருந்தா ஏத்துக்குவீங்களா? போன மூணு வருஷத்துல அப்படி யாராவது மாறியிருக்காங்களா?" கடைசிப் பகுதிதான் முக்கியம். கொள்கையில என்ன எழுதியிருக்கு என்பதை விட, நடந்திருக்கா என்பதைக் கேளுங்க. முடிஞ்சா மெயில்ல கேளுங்க, பதில் எழுத்துல இருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ப்ரொடக்ஷன் பக்கம் ஆபீசர் ஆக பிஇ கட்டாயம். பிபிஏ வெச்சு அந்தப் பக்கம் ஒண்ணும் நடக்காது. ஆனா ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், பிளானிங் பக்கம் ஏதாவது ஒரு டிகிரி போதும், எந்த முறையில படிச்சாலும் அங்கீகாரம் இருந்தா சரி. ஸ்டோர்ஸில் ஒருத்தர் பிகாம் தொலைதூரத்துல முடிச்சு போன வருஷம்தான் மாறியிருக்கார்.

பாருங்க, ஒரே தொழிற்சாலை, ரெண்டு கதவு, ரெண்டு வேற சாவி. வெள்ளிக்கிழமை ராத்திரி கட்டியிருந்தா, மூணு வருஷம் கழிச்சு பிபிஏ சர்டிஃபிகேட்டோட ப்ரொடக்ஷன் கதவு முன்னாடி நின்னிருப்பான்.

அவனுக்கு மெஷின்தான் பிடிக்கும். அதுக்கு வழி பிஇ, அது ஆன்லைன்ல இல்ல. டிப்ளமோ முடிச்சு வேலையில இருக்கிறவங்களுக்கு சாயங்காலம் நடக்கிற பகுதி நேர பிஇ சில கல்லூரிகள்ல இருக்கு, கோயம்புத்தூர் பக்கம் இதுக்குப் பெயர் பெற்ற கல்லூரிகள் உண்டு. வேலை பார்க்கிறவங்களுக்கான பிஇ வகுப்புகளுக்கு ஏஐசிடிஇ-யும் அனுமதி கொடுக்குது. ஆனா ஷிஃப்ட் வேலையில, ஒரகடத்துல இருந்து தினம் வகுப்புக்குப் போகணும். வேலை நேரம் மாத்தித் தர கம்பெனி ஒத்துக்கணும். அதையும் கேட்டான். "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்காங்க. எச்ஆர் பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

நேரத்துக்கும் ஒரு டெஸ்ட்

பணத்துக்கு அடுத்து நேரம். வாரம் பத்து மணி நேரம் என்று வெச்சாலும் மூணு வருஷத்துல 1,500 மணி நேரம். ஷிஃப்ட் வேலை, ஞாயிறு ஓவர்டைம், வீட்ல அம்மா, நடுவுல கல்யாணப் பேச்சு. முடியுமா என்பதைப் பணம் கட்டின பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

அதுக்கு ஒரு மலிவான சோதனை இருக்கு: என்பிடெல். ஐஐடி பேராசிரியர்கள் நடத்துற பாடங்கள். சேர்ந்து படிக்கக் காசு கிடையாது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று ஓடும், ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட். சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துல நேரில் தேர்வு எழுதணும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மார்க். ஒரே ஒரு பாடத்தைப் பன்னிரண்டு வாரம் விடாம உங்களால முடிக்க முடிஞ்சா, டிகிரியும் முடியும் என்று நம்பலாம். நாலாவது வாரமே அசைன்மென்ட் விட்டுப்போச்சுன்னா, ரெண்டு லட்சம் மிச்சம் என்று வெச்சுக்கோங்க.

சேர்ந்த பிறகு டிகிரி கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், நான் பண்ண தப்பு அது. சேர்ந்திருக்கிற விஷயத்தை மேனேஜர்கிட்ட முதல் செமஸ்டர் முடிஞ்சதுமே சொல்லுங்க, வருஷ மதிப்பீட்டு ஃபார்ம்ல எழுதுங்க. கம்பெனியில படிப்புச் செலவு திரும்பத் தர்ற திட்டம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா நல்லது, ஆனா அதோட வர்ற பாண்டையும் படிங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா பணத்தைத் திருப்பித் தரணும் என்று இருந்தா, அது இலவசம் இல்ல, வட்டியில்லாக் கடன்.

தம்பி இப்போ என்பிடெல்-ல சப்ளை செயின் சம்பந்தமா ஒரு பாடத்துல சேர்ந்திருக்கான். ஏப்ரல்ல தேர்வு. பாஸ் ஆனா ஜூலை பருவத்துல இக்னோ பிகாம், ஸ்டோர்ஸ் கதவுக்கு. நடுவுல கம்பெனி ஷிஃப்ட் மாத்தித் தந்தா பகுதி நேர பிஇ. 6,667 கட்ட வேண்டியிருந்த இடத்துல மாசம் 3,000 ஆர்டி போடச் சொல்லியிருக்கேன். எந்தப் பக்கம் போனாலும் ஃபீஸுக்கு ஆகும்.

அந்த கவுன்சிலர் அதுக்கப்புறம் நாலு தடவை கூப்பிட்டாங்களாம். வெள்ளிக்கிழமை ராத்திரியோட முடிஞ்ச ஸ்காலர்ஷிப் மறுநாள் ஞாயிறு வரைக்கும் நீண்டது. போன வாரம் அது 30,000 ஆயிருக்கு.

தம்பி மூணாவது வார அசைன்மென்ட்ல 68 வாங்கியிருக்கான். நைட் ஷிஃப்ட் வாரம் இனிமேதான் வருது.